பதிவேட்டில் விடுபட்ட பெயர்: புனித மார்ட்டின் தெ போரஸ்

பேரு நாட்டின் தலைநகரான லீமாவில் புனித செபஸ்தியார் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் 1579ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாளுக்குரிய ஒரு பதிவு உள்ளது. குழந்தையின் பெயர் மார்ட்டின். தாயின் பெயர் ஆனா வெலாஸ்கெஸ். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர். தந்தை யாரென்று தெரியவில்லை என அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வரி புதிதல்ல. தந்தை பெயர் என்னும் கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றுபோகும் நாள்கள் உண்டு. குழந்தையை ஏந்தி நிற்கும் தாய் தலையைக் குனிந்துகொள்வார். இன்றைய திருச்சபைச் சட்டம் 877, திருமணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை பெயரை எழுத வேண்டுமானால் அதற்குரிய பொது ஆவணம் வேண்டும், அல்லது பங்குத்தந்தையும் இரு சாட்சிகளும் கேட்கத் தந்தையே ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒப்புக்கொள்ள ஒருவர் வரவேண்டுமே! அன்று செபஸ்தியார் ஆலயத்துக்கு அவர் வரவில்லை.

அவர் பெயர் ஹுவான் தெ போரஸ். ஸ்பெயின் நாட்டு உயர்குடியைச் சேர்ந்தவர். ஆனா வெலாஸ்கெஸ் பனாமாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். பிறந்த குழந்தை தாயின் நிறத்தையும் சாயலையும் கொண்டிருந்ததே தந்தைக்கு மனக்கசப்பாயிற்று என்று மார்ட்டினின் வாழ்வை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஹுவானா என்னும் தங்கையும் பிறந்தாள். இரண்டு குழந்தைகளையும் வறுமையில் வளர்த்தவர் தாய்தான்.

அன்றைய லீமாவைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். 1535இல் ஸ்பானியர் அமைத்த நகரம் அது. 1614இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். ஸ்பானியருக்கும் அம்மண்ணின் பூர்வகுடிகளுக்கும் பிறந்தவர்களுக்கு ஒரு பெயர், ஸ்பானியருக்கும் கறுப்பினத்தவருக்கும் பிறந்தவர்களுக்கு வேறொரு பெயர். மார்ட்டினுக்குக் கிடைத்த பெயர் முலாட்டோ. கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது என்று பலரும் விளக்கம் தருகிறார்கள். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்ததை அழைப்பதுபோல் மனிதப் பிறவியை அழைத்தார்கள்.

பெயரோடு சட்டமும் வந்தது. கறுப்பினப் பெண்களும் முலாட்டோ பெண்களும், அடிமைகளானாலும் விடுதலை பெற்றவர்களானாலும், பொன்னும் முத்தும் பட்டும் அணியக்கூடாது என்று 1571இல் அரச ஆணை பிறந்தது. ஸ்பானியரை மணந்த பெண்ணுக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு. விடுதலை பெற்ற கறுப்பரும் முலாட்டோக்களும் தனி வரி கட்ட வேண்டும் என்று 1574இல் இன்னோர் ஆணை. பிறகு இந்தப் பிரிவுகள் மேலும் மேலும் பெருகின. 1770இல் பேருவின் அரசப் பிரதிநிதி மனுவேல் தெ அமாத், எந்த இனத்தாருக்கும் எந்த இனத்தாருக்கும் பிறந்தால் என்ன பிள்ளை என்று காட்டும் 20 ஓவியங்களை வரையச் செய்து ஸ்பெயினுக்கு அனுப்பினார். இத்தகைய பிரிவுகளை ஸ்பானியர் காஸ்தா என்றார்கள். அதே சொல்லைத்தான் போர்த்துக்கீசியர் நம் நாட்டுக் கரைகளில் இறங்கியபோது நம்மிடையே கண்ட சாதிக்கும் சூட்டினார்கள். லீமாவின் கதை நமக்கு ஏன் அந்நியமாகத் தோன்றுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மார்ட்டினுக்கு எட்டு வயதளவில் தந்தை திரும்பி வந்தார். பிள்ளைகள் இருவரையும் இன்றைய எக்குவதோர் நாட்டிலுள்ள குவாயக்கில் நகருக்கு அழைத்துச் சென்று, தம் உறவினரிடம் இவர்கள் என் மக்கள் என்று சொல்லிப் படிக்கவும் வைத்தார். மனம் மாறியதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் அது நெடுநாள் நீடிக்கவில்லை. பனாமாவில் அவருக்கு அரசப் பதவி கிடைத்தது. தங்கை உறவினர் வீட்டில் தங்க, மார்ட்டின் லீமாவுக்குத் தாயிடமே திரும்பினார். தந்தையின் பெயர் கிடைத்துவிட்டது; தந்தையின் வீடு கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வயதளவில் ஒரு முடிதிருத்துபவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் முடிதிருத்துபவரே காயத்துக்கு மருந்திட்டார், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டார், இரத்தம் எடுத்தார், பல் பிடுங்கினார். நம் ஊர்களிலும் முற்காலத்தில் மருத்துவர் என்று அழைக்கப்பட்டவர்கள் யார் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். மூலிகைகளைப் பற்றிய அறிவு அவருக்குத் தாயிடமிருந்தும் வந்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

1594இல், 15ஆம் வயதில், தொமினிக்கன் எனப்படும் சாமிநாதர் சபையின் செபமாலை அன்னை மடத்துக் கதவைத் தட்டினார். நம்மைத் தலைகுனிய வைக்கும் பகுதி இங்கேதான் இருக்கிறது. பேருவிலிருந்த அச்சபையின் விதிகள் பூர்வகுடிகளையும் கறுப்பினத்தவரையும் அவர்களின் வழிவந்தவர்களையும் முழுத் துறவிகளாக ஏற்கத் தடை விதித்திருந்தன. திருமுழுக்குத் தண்ணீர் எல்லார் தலையிலும் ஒன்றுபோல் ஊற்றப்பட்டது. துறவற உடை அப்படித் தரப்படவில்லை. ஆகவே மார்ட்டின் தொனாதோ என்னும் நிலையில் சேர்ந்தார். தம்மையே மடத்துக்குக் கொடையாக்கி, ஊதியமின்றி வேலை செய்பவர் என்பது பொருள். கூட்டுவார், துணி துவைப்பார், துறவிகளுக்கு முடி திருத்துவார், மணி அடிப்பார். நம் ஆலயங்கள் சிலவற்றில் துடைப்பம் ஏந்தி நிற்கும் அவரது சுரூபத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் துடைப்பம் அவராக எடுத்தது என்றுதான் மறையுரைகளில் சொல்கிறோம். விதிகள் அவர் கையில் வேறெதையும் கொடுக்க ஆயத்தமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மகன் வேலையாள் நிலையில் இருப்பது தந்தைக்கு இழுக்காகத் தோன்றியது என்றும், உயர்ந்த நிலை கொடுக்கும்படி அவர் கேட்டபோது மார்ட்டினே வேண்டாமென்றார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1603 ஜூன் 2ஆம் நாள் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தார். அதன்மூலம் அவர் முழு அருள்சகோதரர் ஆனாரா, கடைசிவரை தொனாதோவாகவே இருந்தாரா என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே மடத்தில் வாழ்ந்து, அந்த மடத்துக்கே பெருமை தேடித் தந்த மனிதரின் நிலை என்னவென்று இன்றுவரை வழக்காட வேண்டியிருக்கிறது.

மடத்து மருத்துவமனை அவர் பொறுப்பில் வந்தது. நோயாளிகளான துறவிகளில் சிலர் வலி மிகுந்தபோது அவரை முலாட்டோ நாய் என்று திட்டியதுண்டு. அவர் மறுத்துப் பேசாமல், தமக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்பதுபோல் நடந்துகொண்டு, இன்னும் பரிவாகக் கவனித்தார் என்று அவரை அறிந்தவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி மிகவும் பெயர் பெற்றது. மடம் கடனில் மூழ்கியபோது, மடத்துத் தலைவர் விலைமதிப்புள்ள பொருள்களை விற்கப் புறப்பட்டார். மார்ட்டின் அவர் பின்னாலேயே ஓடினார். தாம் ஓர் ஏழை முலாட்டோ, மடத்தின் உடைமை, ஆகவே தம்மை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று கெஞ்சினார். தலைவர் மனம் உருகித் திருப்பி அனுப்பிவிட்டார். இதைத் தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நாம் பல ஆண்டுகள் மறையுரையில் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது அப்படி எளிதாகச் சொல்ல வாய் வருவதில்லை. ஆள்களை விலைபேசி விற்பது அந்த நகரில் அன்றாட நிகழ்ச்சி. அந்தச் சபையே அடிமைகளை வைத்திருந்தது; லிமத்தாம்போ என்னும் அதன் பண்ணையில் உழைத்தவர்களும் அடிமைகளே. தாமும் விற்கப்படக்கூடியவர்களுள் ஒருவர் என்று மார்ட்டின் சொன்னபோது, அவர் மனக்கண்ணில் தம் தாய் நின்றிருக்க மாட்டாரா? தந்தையின் உயர்குடிப் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வாய்ப்பிருந்தும், தாயின் பக்கமே நின்று பேசிய பேச்சாகத்தான் இது நமக்குப் படுகிறது. மடத்துத் தலைவரின் காதில் அது எப்படி விழுந்ததோ!

லிமத்தாம்போவுக்கு அவர் அடிக்கடி சென்றார். அங்கிருந்த அடிமைகளின் நோய்களைக் கவனித்தார், அவர்களோடு சேர்ந்து நிலத்தில் வேலை செய்தார், ஒலிவ மரங்கள் நட்டார். நகரில் ஆதரவற்ற சிறுவர் சிறுமியருக்காக ஓர் இல்லம் தொடங்கப் பொருள் திரட்டினார். அதற்குக் கொடுத்தவர்கள் பணம் படைத்த ஸ்பானியர்கள். அவர்களுடைய வாசலில் நின்று கேட்கவும், அடிமைகளின் குடிசைக்குள் தலைகுனிந்து நுழையவும் அவருக்கு முடிந்தது. இரு பக்கத்தாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாதவர் இரு பக்கமும் போய்வந்தார். தெருவில் கிடந்த நோயாளியைத் தூக்கி வந்து தம் படுக்கையிலேயே கிடத்துவார். மடத்துக்குள் இப்படி எவரையும் கொண்டுவரக் கூடாதென்று தடை வந்தபோது தங்கை ஹுவானாவின் வீடு மருத்துவமனை ஆயிற்று. தடையை மீறி ஒருமுறை காயம்பட்டவரை உள்ளே கொண்டுவந்து கண்டிக்கப்பட்டபோது, பிறரன்பைவிடக் கீழ்ப்படிதல் முந்தியது என்று தாம் அறியவில்லை, மன்னிக்க வேண்டும் என்னும் கருத்துப்படப் பதில் சொன்னாராம். முலாட்டோ நாய் என்ற சொல்லுக்கு வாய் திறக்காதவர், நோயாளிக்காக வாய் திறந்தார். எலிகளோடு அவர் பேசியதும், நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்டதும் எல்லாரும் அறிந்த கதைகள், இங்கு விரிக்கவில்லை.

1639இல் மெக்சிகோவின் பேராயராக நியமிக்கப்பட்ட பெலிசியானோ தெ லா வேகா லீமாவில் கடும் நோயுற்றார். மார்ட்டினை அழைத்து வரச் செய்து, அவர் கையைத் தம் மார்பின்மேல் வைக்கச் சொன்னார், நலம் பெற்றார். தம்மோடு மெக்சிகோவுக்கு வரவேண்டும் என்றும் விரும்பினார். அதற்குள் மார்ட்டின் காய்ச்சலில் படுத்துவிட்டார். பேருவின் அரசப் பிரதிநிதி சிஞ்சோன் பிரபு அவர் படுக்கையருகே வந்து முழந்தாளிட்டார். நவம்பர் 3ஆம் நாள், 59ஆம் வயதில் அவர் இறந்தபோது, உடலைத் தோளில் சுமந்தவர்களில் அரசப் பிரதிநிதியும் பேராயரும் இருந்தார்கள். உயிரோடிருந்தபோது முழு உடை தரத் தயங்கிய நகரம், இறந்தபின் அந்த உடையைத் துண்டு துண்டாக வெட்டிப் புனிதப் பண்டமாக எடுத்துச் சென்றது.

புனிதர் பட்டத்துக்கான விசாரணை 1660இல் தொடங்கியது. முத்திப்பேறு பெற்றவர் என்று திருத்தந்தை 16ஆம் கிரகோரி அறிவித்தது 1837இல். பேருவில் அடிமைமுறை ஒழிந்ததோ 1854இல்தான். இடைப்பட்ட 17 ஆண்டுகள் அவர் பீடத்தில் வணக்கம் பெற்றுக்கொண்டிருந்தபோதே, அவருடைய தாயின் இனத்தார் அங்கே உடைமைகளாகவே இருந்தார்கள். திருத்தந்தை 23ஆம் யோவான் 1962 மே 6ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது பெரும் எழுச்சியை உண்டாக்கியது. கத்தோலிக்கராக மாறியிருந்த ஜாஸ் இசைக்கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் அவரைப் போற்றிப் பாடல் ஒன்றை இயற்றினார்.

ஆனால் அவர் நிறத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஓரிடத்தில் கருநிறச் சுரூபம், வேறோர் இடத்தில் வெளிர்ந்த மாநிறம். கறுப்பினத்தார் அவரைத் தங்களவர் என்கிறார்கள். கலப்பினத்தார் தங்கள் பாதுகாவலர் என்கிறார்கள். நிறத்தை ஏன் சொல்ல வேண்டும், புனிதர் என்றால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அவருடைய நிறத்தை எடுத்துவிட்டால், அவர் பட்டதும் போய்விடும், மடத்தின் விதியும் மறைந்துவிடும் என்பதால் நாம் அதற்கு உடன்படவில்லை. 2015இல் அவருடைய மண்டையோட்டை ஆராய்ந்து கணினி உதவியால் முகத்தை மீட்டு உருவாக்கினார்கள். 400 ஆண்டுகளுக்கு முன் தொட்டிலில் குனிந்து பார்த்த தந்தை தேடியதுபோல, நாமும் அந்த முகத்தில் யாருடைய சாயல் என்றுதான் முதலில் தேடுகிறோம்.

அந்த மண்டையோடு லீமாவின் சாமிநாதர் ஆலயத்தில், லீமா நகர் புனித ரோஸ், ஸ்பெயினிலிருந்து வந்த புனித யோவான் மசியாஸ் ஆகியோரின் மண்டையோடுகளோடு ஒரே பீடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ரோஸ் 1586இல் திருமுழுக்குப் பெற்றதும் அதே செபஸ்தியார் ஆலயத்தில்தான். மக்கள் நெருக்கம் மிகுந்த லீமா மாவட்டம் ஒன்றும், லீமாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகமும், உலகெங்கும் எத்தனையோ பள்ளிகளும் மருத்துவமனைகளும் இன்று மார்ட்டின் தெ போரஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1579 டிசம்பர் 9ஆம் நாளுக்குரிய பதிவில் மட்டும் போரஸ் என்ற பெயர் இல்லை.