மேற்குக் கரை நோக்கி

நோர்வே நாட்டவரான பிரித்யொவ் நான்சனை உலகம் பெரும்பாலும் அகதிகளுக்கான கடவுச்சீட்டோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கிறது. எனக்கு அவர் மீது விருப்பம் உண்டானதோ அவருடைய பனிச்சறுக்குப் பலகைகளால். நுவரெலியாவில் தை மாதத்து அதிகாலையில் புல் நுனியில் படியும் உறைபனிக்கு அப்பால் பனியைக் காணாத நாட்டில் பிறந்தவள் நான். பனியின் மேல் நடப்பதற்கும் ஒரு கல்வி உண்டு என்பது எனக்குப் புதினமாகவே இருந்தது. அந்தக் கல்வியை முறையாகக் கற்று, அதுவரை எவரும் ஊடறுத்துக் கடக்காத ஒரு பெரும் பனிவெளியைக் கடந்தவர் அவர்.

1861 ஒக்டோபர் 10 ஆம் திகதி, இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகருக்கு அருகே அவர் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. தாயார் அடிலெயிட், பெண்கள் பனியில் சறுக்குவது அழகல்ல என்று பெரிய இடத்து வீடுகள் கருதிய காலத்தில் சறுக்கித் திரிந்தவர். எங்கள் விளையாட்டுப் போட்டிக் காலங்களில் இந்தத் தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. மகன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். 1882 இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் வட கடலுக்குப் போனபோது கப்பல் பனிக்கட்டிகளிடையே சிக்கிக்கொண்டது. தொலைவில் கிறீன்லாந்தின் கிழக்குக் கரை தெரிந்தது. அதன் பிறகு பேர்கன் நூதனசாலையில் நரம்புத் தொகுதியை ஆராய்ந்துகொண்டு இருந்தாலும், அந்தக் கரை அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. 1884 மாரியில் பேர்கனிலிருந்து கிறிஸ்தியானியாவுக்கு மலைகளைக் கடந்து சறுக்கியே சென்றார்.

கிறீன்லாந்தின் உட்பகுதி முழுவதும் ஒரே பனிக்கட்டிப் படலம். ஓரங்களில் அது வெடித்துப் பிளந்து கிடக்கும். நடுவே போகப் போக உயர்ந்துகொண்டே போகும். நான்சனுக்கு முன் முயன்றவர்கள், மனிதர் குடியிருக்கும் மேற்குக் கரையிலிருந்தே புறப்பட்டார்கள். சுவீடனின் நோர்டன்ஷியோல்ட் 1883 இல் போனார். அமெரிக்கரான பியரி 1886 இல் சுமார் 160 கிலோமீற்றர் உள்ளே சென்று திரும்பினார். களைத்துப் போனால் பின்னால் ஓர் ஊர் இருந்தது. கால்கள் அந்தப் பக்கமே திரும்பும்.

நான்சனின் திட்டம் இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் குடியிருப்பு இல்லாத கிழக்கில் இறங்குவது, மேற்கை நோக்கி நடப்பது. பின்னால் போனால் சாவு, முன்னால் போனால் உணவும் நெருப்பும். கேட்டவர்கள் இதைப் பைத்தியம் என்றே எண்ணினார்கள். நோர்வே அரசு பணம் தர மறுத்தது. கொப்பன்ஹேகன் வணிகர் ஒருவரே கைகொடுத்தார். இதைத் துணிச்சல் என்று சொல்வதைவிட மனிதரின் பலவீனத்தை அளந்து போட்ட கணக்கு என்றே சொல்வேன். திரும்பிவிட மனம் சொல்லும் ஒரு நாள் கட்டாயம் வரும் என்பதை அவர் முதலிலேயே கணக்கில் எடுத்திருந்தார்.

உபகரணங்களிலும் அதே கவனந்தான். கனமான பொருள் எதையும் அவர் நம்பவில்லை. சிலெட்ஜ் என்னும் சக்கரமில்லா இழுவை வண்டிகள் ஐந்து. சட்டம் சாம்பல் மரம் எனப்படும் ஆஷ் மரத்தால் ஆனது. மூட்டுகளில் ஆணி அறையாமல் கயிற்றால் வரிந்து கட்டினார். ஆணி அடித்த மூட்டு கடும் குளிரில் குலுங்கும்போது பிளக்கும், கட்டிய மூட்டு வளைந்து கொடுக்கும். வண்டியின் அடிப்பட்டைகளைச் சறுக்குப் பலகைபோல் அகலமாக வைத்தார். அதனால் அவை இளம்பனியில் புதையவில்லை. சறுக்குப் பலகைகள் ஓக், பேர்ச் மரங்களாலானவை. அடுக்கடுக்கான கம்பளி உடைகள், பனிக்கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, மான் தோலால் தைத்த உறங்கும் பைகள் இரண்டு. ஒரு பைக்குள் மூவர் படுத்தால் ஒருவர் சூடு மற்றவருக்கு. அடுப்புக்கு மதுசாரம் எரிபொருள்.

ஒரு குறை மட்டும் பெரிதாக வந்தது. பெமிக்கன் என்ற உலர்த்திய இறைச்சி, பயணத்துக்கென்று வாங்கியது, கொழுப்பு நீக்கப்பட்டதாக இருந்தது. குளிரில் உழைக்கும் உடல் கொழுப்பைத்தான் கேட்கும். பாதி வழியில் சப்பாத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயைக் குடிக்கலாமா என்று தோழர் ஒருவர் கேட்கும் நிலை வந்தது.

குழுவில் ஆறு பேர். நான்சனும் ஸ்வெர்ட்ரப் உள்ளிட்ட மூன்று நோர்வேயரும், சாமுவேல் பால்ட்டோ, ஓலே ரவ்னா என்ற இரு ஸாமி இனத்தவரும். வட ஐரோப்பாவின் பழங்குடிகளான ஸாமி மக்கள் பல தலைமுறைகளாகப் பலகைகளில் சறுக்கி மான் மேய்த்து வந்தவர்கள். இந்த அறிவின் ஊற்றுகளில் ஒன்று அவர்களிடமே இருந்தது. புகழ் மட்டும் ஒருவர் பெயரிலேயே தங்கிவிட்டது என்பது எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான். பால்ட்டோ தம் பயணத்தைத் தாமே விவரித்து வைத்தது ஓர் ஆறுதல்.

கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை அறிஞர் சபையில் நிலைநாட்டிய சில நாட்களிலேயே நான்சன் புறப்பட்டுவிட்டார். 1888 ஜூலை 17 ஆம் திகதி, கரை கண்ணுக்குத் தெரிய, கப்பலிலிருந்து இரு படகுகளில் இறங்கினார்கள். ஆனால் கிழக்குக் கரையோரம் வடக்கிலிருந்து பாயும் நீரோட்டம் பனிக்கட்டிகளை மந்தைபோல் ஓட்டிச் செல்வது. ஒரு படகில் ஓட்டை விழுந்தது. மிதக்கும் பனிக்கட்டி மேலே ஏறிக் கூடாரமடித்தார்கள். அந்தக் கட்டி அவர்களைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 380 கிலோமீற்றர் தெற்கே போய்விட்டது. பன்னிரண்டு நாட்களின் பின்பே கரையேறினார்கள். பிறகு அதே கரையோரமாக வடக்கே துடுப்பு வலித்தார்கள். கோடை முடிந்துகொண்டிருந்தது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில், ஊமிவிக் என்ற இடத்தில் படகுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏறத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 100 கிலோ சுமை. பகல் வெயிலில் பனி குழைந்துவிடுவதால் முதலில் இரவில் நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டு மூன்று நாட்கள் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தார்கள். நேரம் போதாது என்று கண்டதும், வடமேற்கே இருந்த முதல் இலக்கைக் கைவிட்டு, கிட்டிய ஊரான கோட்ஹொப்பை நோக்கித் திசை மாற்றினார் நான்சன். இன்று அது நூக். மேற்கு மட்டும் மாறவில்லை.

செப்டெம்பர் தொடக்கத்தில் 2,719 மீற்றர் உயரத்தைத் தொட்டார்கள். எங்கள் பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 45 பாகைவரை இறங்கியது. இவ்வளவு குளிரில் பனி வழுக்காது என்பது நான் படித்து வியந்த சங்கதி. பலகையின் அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டானால்தான் வழுக்கும். அது உண்டாகாதபோது பனி கடற்கரை மணலாகிவிடும். வண்டியை மணலில் இழுப்பதுபோல் இழுத்தார்கள். எங்கும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. தகரக் குப்பிகளில் பனியை அடைத்து, உடைக்குள்ளே நெஞ்சோடு வைத்து, உடற்சூட்டில் உருக்கிக் குடித்தார்கள்.

உச்சி கடந்து நிலம் சரியத் தொடங்கியதும் காற்று முதுகுப் பக்கம் வந்தது. வண்டிகளைச் சோடியாகப் பிணைத்துப் பாய் கட்டினார்கள். காற்று இழுக்க, சறுக்குப் பலகைகளில் கூடவே பறந்தார்கள். மாலை இருளில், அகன்ற கறுப்புக் கோடொன்று முன்னால் தெரிந்தது. பனிப்பிளவு. கடைசிக் கணத்தில் வண்டியைத் திருப்பித் தப்பினார்கள்.

செப்டெம்பர் கடைசியில் மேற்குக் கரையின் மண்ணை மிதித்தார்கள். ஊருக்கு இன்னும் கடல்வழி இருந்தது. கூடாரத்தின் அடிவிரிப்பை அலரி மரக் கொம்புகளின் மேல் தைத்து, ஆமை ஓடு போன்ற ஒரு தோணி செய்தார்கள். நான்சனும் ஸ்வெர்ட்ரப்பும் அதில் ஏறி ஒக்டோபர் 3 ஆம் திகதி கோட்ஹொப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எதிர்கொண்ட டேனிஷ் அலுவலர் பெயரைக் கேட்டறிந்ததும், கலாநிதிப் பட்டம் கிடைத்ததற்கு வாழ்த்துத் தெரிவித்தார். பனியைக் கடந்து வந்தவருக்கு முதலில் கிடைத்தது பரீட்சை முடிவு!

அவ்வாண்டின் கடைசிக் கப்பல் கிடைக்கவில்லை. மாரி முழுவதும் அங்குள்ள இனுவிட் மக்களோடு வாழ்ந்து கயாக் செலுத்தப் பழகினார். அவர்களைப் பற்றி ஒரு நூலும் பின்னர் எழுதினார்.

1889 இல் ஊர் திரும்பியதும் பாடகியும் பனிச்சறுக்கில் தேர்ந்தவருமான ஏவா ஸார்ஸை மணந்தார். 1893 இல் பிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே துருவப் பனியில் உறைய விட்டு அதனோடு மிதந்ததும், பிறகு யொஹான்சனோடு கால்நடையாக வடக்கே 86 பாகையைத் தாண்டியதும் தனிக் கட்டுரைக்குரியவை. ஏவா 1907 இல் நோயுற்றபோது அவர் இலண்டனில் தூதுவர். வீடு வந்து சேருமுன் மனைவி இறந்துவிட்டார்.

முதலாம் உலகப் போரின் பின் சர்வதேச சங்கம் அவரை அழைத்தது. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளை ஊர் சேர்த்தார். ரஷ்யப் பஞ்சத்துக்கு அரசுகள் கடன் மறுத்தபோது மேடை மேடையாகப் போய்ப் பணம் திரட்டினார். 1922 இல், நாடற்றுப் போன ரஷ்யர்களுக்காக அவர் பெயரால் அழைக்கப்பட்ட பத்திரம் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் காலப்போக்கில் அதை ஏற்றன. 1924 இல் ஆர்மேனியருக்கும் கிடைத்தது. அதைக் கொண்டு எல்லை கடக்கலாம். ஆனால் பத்திரம் தந்த நாட்டுக்கே திரும்பிவரும் உரிமையை அது தொடக்கத்தில் தரவில்லை. இதை வாசித்தபோது ஊமிவிக்கில் கவிழ்த்து வைத்த படகுகள் என் கண்ணில் வந்தன. பின்வழியை மூடிக்கொள்வது அவருக்குத் தெரிவாக இருந்தது. இந்த மக்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

1922 இலேயே நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்களைப் பரிமாறும் யோசனையை முன்னெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1923 ஜனவரியில் லொசானில் கையொப்பமான உடன்படிக்கையின்படி பத்து இலட்சத்துக்கும் அதிகமான கிறிஸ்தவர்களுக்கும், சுமார் மூன்றரை இலட்சம் முஸ்லிம்களுக்கும் சொந்த ஊர் இல்லை என்றாயிற்று. கிறீட் தீவிலிருந்து அனுப்பப்பட்ட முஸ்லிம்களில் பலருக்குத் தெரிந்தது கிரேக்க மொழி மட்டுமே. மேலும் கொலைகள் நிகழாமல் தடுக்கவே அவர் அதை ஆதரித்தார் என்பார்கள். இருக்கலாம். அந்தத் தீவின் ஒரு பாட்டி கப்பலேறியதை நினைத்தால் எனக்கு அந்த விடை போதவில்லை.

அவர் பெயரில் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938 இல் நோபல் பரிசு பெற்றது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1930 இன் தொடக்கத்தில் வழக்கம்போல் பனிச்சறுக்கப் போயிருந்தார். வழியில் அவர் களைத்துப் போவதை உடன் சென்றவர்கள் முதன்முறையாகக் கவனித்தார்கள். அவ்வாண்டு மே 13 ஆம் திகதி, பொல்ஹோக்டா என்ற தம் இல்லத்தில் காலமானார். நோர்வேயின் தேசிய தினமான மே 17 இல் இறுதிக் கிரியை நடந்தது.