ஓய்வில் வளர்ந்த கவிக்குயில்

பிறப்பும் பெற்றோரும்

இந்தியாவின் கவிக்குயில் எனப் போற்றப்படும் சரோஜினி நாயுடு, 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். தந்தையார் அகோரநாத சட்டோபாத்தியாயர். தாயார் வரதசுந்தரி தேவி. வங்காளத்தைச் சேர்ந்த அக்குடும்பம், தந்தையாரின் பணியின் பொருட்டு ஐதராபாத்தில் குடியேறியது. எடின்பரோவில் அறிவியலில் உயர்பட்டம் பெற்ற தந்தையார், பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்வி நிலையத்தின் முதல்வராக விளங்கினார். தாயார் வங்கமொழியில் கவிதை புனைவதில் வல்லவர்.

மகளைக் கணித மேதையாகவோ அறிவியல் அறிஞராகவோ ஆக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆனால், பதினோராம் வயதில் விடை கிட்டாத ஓர் இயற்கணிதக் கணக்கின்முன் அமர்ந்திருந்தபோது, சிறுமியின் உள்ளத்தில் முதல் கவிதை பிறந்தது.

மருத்துவரின் தடை

சரோஜினி பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். நாடே வியந்து பாராட்டியது. அடுத்த ஆண்டில் ஆறே நாள்களில் 1300 வரிகள் கொண்ட நெடுங்கவிதை ஒன்றை எழுதி முடித்தார்.

அக்காலத்தில் அவர் உடல் நலிவுற்றது. புத்தகத்தைத் தொடவே கூடாது என மருத்துவர் தடை விதித்தார். பதின்மூன்று வயதுச் சிறுமிக்குச் சினம் வந்தது. மருத்துவரை எதிர்ப்பதற்காகவே 2000 வரிகளில் ஒரு நாடகத்தை எழுதினார். விளைவு என்ன? உடல்நலம் மேலும் சீர்குலைந்தது. முறையான படிப்பு நின்றது. அன்று தோன்றிய நலக்குறைவு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

தேர்வும் போட்டியும் இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தன. எனினும், அவை வீணாகவில்லை. பதினான்கு முதல் பதினாறு வயதுவரை, தம் விருப்பம்போல் நூல்களைத் தேடித் தேடிப் படித்தார், நாட்குறிப்புகள் எழுதினார். வாழ்நாளில் தாம் படித்தவற்றுள் பெரும்பகுதி அந்நாள்களில் படித்தவையே என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். கவிஞருக்கான அடித்தளம் அந்த ஓய்விலேதான் அமைந்தது.

பட்டமின்றித் திரும்பியவர்

1895ஆம் ஆண்டு நிஜாம் வழங்கிய உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்றார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்றார். அங்கும் உடல்நலம் குன்றியது. இடையில் இத்தாலி நாட்டில் பயணம் செய்த அவர், 1898இல் பட்டம் பெறாமலே தாயகம் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்தார். இருவரும் வெவ்வேறு சாதியினர், வெவ்வேறு மொழியினர். அக்காலத்தில் அது துணிச்சலான செயல்.

நான்கு குழந்தைகளின் தாயாக ஐதராபாத்தில் வாழ்ந்தவாறே கவிதைகள் எழுதினார். முதல் தொகுதி 1905இல் வெளிவந்தது. பொன்வாயில் எனப் பொருள்படும் அத்தொகுதியின் பெயரே நாம்பள்ளியில் உள்ள அவரது இல்லத்தின் பெயரும் ஆயிற்று. அடுத்த தொகுதிகள் 1912லும் 1917லும் வெளியாயின.

நாட்டுக்கு அளித்த நேரம்

1908இல் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தை அழித்தபோது, சரோஜினி துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். பின்னர்க் கோகலே, காந்தியடிகள் ஆகியோரின் வழியில் நாட்டுப்பணியில் இறங்கினார். 1925இல் கான்பூரில் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1930இல் தராசனா உப்பு அறப்போரை முன்நின்று நடத்தினார். 1942இல் சிறைப்பட்ட அவர், உடல்நலக் குறைவால் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார்.

இத்தனை பணிகளுக்கிடையே கவிதைக்குரிய நேரம் சுருங்கியது. 1917க்குப் பின் அவர் வாழ்ந்த காலத்தில் புதிய கவிதைத் தொகுதி எதுவும் வெளிவரவில்லை. 1927இல் எழுதிய கவிதைகளை அவர்தம் மகள் பத்மஜா 1961இல்தான் வெளியிட்டார். நாடு ஒரு தலைவரைப் பெற்றது. அதற்கு ஈடாகக் கவிதை தன் கவிஞரை இழந்தது. ஒருவரின் நாளும் வலிமையும் அளவுக்கு உட்பட்டவை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

1947இல் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகி, இந்தியாவின் முதல் பெண் ஆளுநர் என்னும் பெருமை பெற்றார். 1949 பிப்ரவரியில் மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அரசு நிகழ்ச்சிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. எனினும், மார்ச் 2ஆம் நாள் இலக்னோவில் அவர் மறைந்தார்.

சொற்பொருள்

நலிவு – தளர்ச்சி
புனைதல் – இயற்றுதல்
துயர்துடைப்பு – நிவாரணம்

சிந்தித்து விடை எழுதுக

1. மருத்துவரின் தடையைச் சரோஜினி மீறியதன் விளைவு யாது?
2. படிப்பு நின்ற ஆண்டுகள் அவருக்கு எவ்வாறு பயன்பட்டன?
3. கவிதையை விடுத்து நாட்டுப்பணிக்கு நேரம் அளித்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. பள்ளி, வீட்டுப்பாடம், விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றுக்கு நீவிர் நாள்தோறும் அளிக்கும் நேரத்தை அட்டவணையாக்குக.