விண்மீன் மங்குவதைக் கண்ட ரகுநாதாச்சாரி



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரிக் காடுகள் அதிகம், மழை குறைவு. மேகமில்லாத இரவுகளில் வானம் பளிச்சென்று தெரியும். அங்கே மின்னும் விண்மீன்கள் எல்லாம் என்றும் ஒரே மாதிரி ஒளிரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? சில விண்மீன்கள் மங்கும். பிறகு மறுபடியும் ஒளிரும். நவீன காலத்தில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். இரவு முழுக்கக் கண் விழித்து, விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அளந்து எழுதுவதுதான் வேலை. 1867-ஆம் ஆண்டு தென் வானில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. சுமார் ஒன்பது மாதங்களுக்கு ஒரு முறை அது நன்றாக ஒளிர்ந்து, பிறகு பல நூறு மடங்கு மங்கிவிடும். பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் ஒப்பிட்டால்தானே இது தெரியும்! 1872-இல் லண்டனில் உள்ள அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது.

தாம் கண்டதை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பழைய பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாத இடங்களைத் திருத்தி, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். பரம்பரை வழக்கத்தை மாற்றுவது எளிதா, சொல்லுங்கள்? ஆனாலும் கண்ணால் கண்டதையே அவர் நம்பினார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. மக்கள் அதைப் புரிந்துகொள்ள, உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதினார். 1880-இல் அவர் மறைந்தார்.

அவர் செய்த அதே வேலை இன்றும் தொடர்கிறது. 1929-இல் ஜெர்மனியில் பி.எல். லாசர்ட்டே என்ற ஒன்றின் ஒளி மாறுவதைக் கண்டு, அதையும் விண்மீன் என்றே எண்ணினார்கள். பின்னர்தான் அது சுமார் 90 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி என்று தெரிந்தது. அங்கே பெரிய கருந்துளை ஒன்று இருக்கிறது. அதன் அருகிலிருந்து பீறிடும் கதிர்த்தாரை நம் பக்கம் நோக்கி வருகிறது. 2011-இல் அதிலிருந்து வந்த காமா கதிர் சில நிமிடங்களிலேயே வேகமாகக் குறைந்தது. ஒளி ஒரு நிமிடத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். எனவே, அந்தக் கதிர் பிறக்கும் இடம் மண்டலத்தோடு ஒப்பிட்டால் மிகமிகச் சிறியது! ஒளி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை வைத்தே இதைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட காமா கதிர்களை ஆராய, லடாக்கில் உள்ள ஹன்லேயில் 2024-இல் பெரிய தொலைநோக்கி ஒன்று திறக்கப்பட்டது.

நீங்களும் தொடங்கலாம். தை, மாசி மாதங்களில் மாலை இருட்டியதும் செந்நிறத் திருவாதிரையைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள ரோகிணியைவிட ஒளி கூடுதலா, குறைவா? தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை நன்றாகவே மங்கியது. அடுத்த முறை அது மங்கும்போது உங்கள் நோட்டு அதைச் சொல்லட்டும்!