பரிணாமக் கணிமைக்கு வித்திட்ட ஆலன் டூரிங்
கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங், 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி அதிகாரி. தாய் எத்தல் சாரா, கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதங்களை உடைப்பதில் முக்கியப் பங்காற்றிய டூரிங், 1948-இல் பிரிட்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். மரபணுச் சேர்க்கைகளில் தகுதியானவை பிழைப்பதைப் போலவே தீர்வுகளைத் தேடலாம் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. ஆய்வகத்தின் இயக்குநரோ பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினின் பேரன். எனினும், அந்த அறிக்கையை அவர் பொருட்படுத்தவில்லை.

விலங்குகளின் உடலில் உள்ள வரிகளும் புள்ளிகளும், கட்டளையிடுவோர் இன்றியே, எளிய வேதிவினைகளால் உருவாகக்கூடும் என 1952-இல் டூரிங் கணித வழியில் விளக்கினார். அதே ஆண்டில் ஒருபாலின உறவுக்காகத் தண்டிக்கப்பட்டார். 1954 ஜூன் 7 அன்று, 41-ஆவது வயதில் மறைந்தார். அவரது 1948-ஆம் ஆண்டு அறிக்கை 1968-இல்தான் வெளியானது.

பிற்காலத்தில் பலர் இக்கருத்துகளை வளர்த்தெடுத்தனர். மெட்ரோவும் புறநகர் ரயிலும் சந்திக்கும் காட்கோபர் போன்ற நிலையங்களின் நெரிசலைக்கூட, ஒவ்வொரு பயணியையும் தனித்தனி முகவராகக் கொண்டு கணினியில் ஒத்திகை பார்க்கவும், சிறந்த வழித்தட அமைப்பைப் பரிணாம முறையில் தேர்ந்தெடுக்கவும் இன்று இயலும்.