எழுத்தைச் செப்பனிட்ட ஏந்தல் வீரமாமுனிவர்

திருவண்ணாமலை என்னும் ஊர்ப்பெயரை 1978ஆம் ஆண்டிற்கு முன் அச்சான நூல்களிற் காணும் இளைஞர் சற்றே தயங்குவர். அதில் வரும் ‘ணா’ சுழித்த வடிவுடனும், ‘லை’ யானைத் துதிக்கை போன்ற வளைவுடனும் நிற்கும். அவ்வாண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அவ்விரண்டும் உருமாறின. ஊரின் பெயரொலியோ பொருளோ எள்ளளவும் மாறவில்லை. அவ்வூர்ப் பெருங்கோயிலின் பழங்கல்வெட்டுகளை நோக்கினால் வேறொரு காட்சி தோன்றும். அங்கே மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் வடிவால் வேறுபடா. கல்லெழுத்துக் காலத்திற்கும் இன்றைய எழுத்திற்கும் இடையே பாலமிட்டவருள் முதன்மையானவர் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டுக் காசுதிக்கிளியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிறந்தவர் கான்சுடன்டைன் சோசப் பெசுகி. 1698இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் கோவாவில் வந்திறங்கிப் பின்னர்த் தமிழகம் புகுந்தார். முப்பது வயதைக் கடந்தபின் தமிழைக் கற்கத் தொடங்கிய அவர், ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம் முதலிய ஊர்களில் தங்கிச் சமயப்பணியும் தமிழ்ப்பணியும் ஒருங்கே ஆற்றினார். மூன்று காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட தேம்பாவணி என்னும் காப்பியம் அவர் புலமைக்குச் சான்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பரமார்த்த குரு கதையை எழுதிச் சிரிக்கவும் வைத்தார்.

அந்நிய மொழியை வளர்ந்தபின் கற்பவர்க்கு ஒரு தனி நன்மை உண்டு. பிறந்தது முதல் பழகியவர் இடறாத கல்லில் அவர் இடறுவார். இடறியதால் அக்கல்லைக் காண்பார். அன்றைய ஏட்டுச் சுவடியில் ‘எரி’ என எழுதியிருந்தால் அது நெருப்போ நீர்நிலையோ எனத் தெளிவில்லை. கொல்லும் கோலும், மெல்லும் மேலும் அவ்வாறே. குறிலான எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. ஆயினும் புள்ளியிட்டால் ஓலை பொத்தலாகும் என்றஞ்சி எழுதுவோர் அதனை விடுத்தனர் என்பர். விதி நூலில் இருந்தது, ஏட்டில் இல்லை.

இத்தடுமாற்றத்தை எண்ணாலும் அளக்கலாம். ஓரடியில் ஐயத்திற்கிடமான எழுத்து ஒன்றிருப்பின் படிக்கும் வழி இரண்டு, இரண்டிருப்பின் நான்கு, ஐந்திருப்பின் 32. பொருளும் யாப்பும் அறிந்த புலவர் அவற்றுள் ஒன்றைத் தேர்வார், எளியவர் திகைப்பார். நம் காலத்துக் கணிப்பொறி அறிஞரும் இதே இடரைக் கண்டனர். நிரல் ஒன்றில் வழி பிரியும் இடங்களை எண்ணி, அதனுடன் ஒன்று கூட்டிச் சிக்கலின் அளவாகக் கொள்ளும் முறையைத் தாமசு மெக்கேப் 1976இல் வெளியிட்டார். அவ்வளவு பத்தைத் தாண்டினால் நிரலைப் பிரித்தெழுதுதல் நலம் என்பது அவர் கருத்து. வெளியே நிகழும் பயன் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் செப்பனிடும் அப்பணியை மறுசீரமைப்பு என்கிறோம். அத்துறை பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே முனிவர் அதனைத் தமிழெழுத்தில் செய்து காட்டினார்.

அவர் செய்த மாற்றம் மிகச் சிறிது. குறிலைப் புள்ளியிலிருந்து விடுவித்து, நெடிலுக்கு அடையாளம் தந்தார். ‘எ’ கீழே ஒரு கோடு பெற்று ‘ஏ’ ஆயிற்று. ‘ஒ’ சுழி பெற்று ‘ஓ’ ஆயிற்று. ஒற்றைக் கொம்பு குறிலுக்கும் இரட்டைச் சுழிக் கொம்பு நெடிலுக்கும் உரியவாயின. தனியே நின்ற புள்ளி கைதவறிப் போகக் கூடியது; எழுத்தோடு ஒட்டிய கோடு அவ்வாறு போகாது. எழுத்துகளின் தொகையான 247 கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒலிப்பு மாறவில்லை, இலக்கணம் சிதையவில்லை.

சொற்பொருள் நூலிலும் அவர் அதே வழி நின்றார். திவாகரம் முதலிய நிகண்டுகள் பாவால் அமைந்தவை. மனப்பாடம் செய்தவர்க்கே கைகொடுப்பவை. 1594இல் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கொணர்ந்தார். முனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்து, வேண்டிய சொல்லை எவரும் தேடியடையும் வண்ணம் அகரவரிசையில் வைத்தார். பழஞ்செல்வம் அனைத்தும் அங்கே உண்டு. புதியது அடுக்கிய முறையே.

அவர் தொடாமல் விட்டவற்றையும் நாம் எண்ணல் வேண்டும். ணா, றா, னா, லை முதலியவற்றின் தனிவடிவங்களை அவர் மாற்றவில்லை. அவை கண்ணுக்கு விந்தையாயினும் படிப்போரை மயக்கவில்லை. அச்சுக்கோக்கும் தொழில் பெருகி, ஒவ்வொரு தனிவடிவுக்கும் தனி அச்சு வேண்டியபோதே அவை சுமையாயின. பெரியார் 1935இல் அவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். 43 ஆண்டுகள் கழித்து அரசு ஏற்றது. செப்பனிடும் காலம் எது என்பதற்கு இதுவே விடை. அழகின்மை காரணமாகாது, படிப்பவர் ஒவ்வொரு நாளும் செலுத்தும் வரி, மாற்றத்தின் செலவை விஞ்சும்போதே கை வைத்தல் தகும்.

மாற்றத்திற்குச் செலவும் உண்டு. புதுவடிவு பயின்ற கண், பழைய சுவடியை எளிதிற் படியாது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புள்ளியற்ற ஏடுகளோடு பட்ட பாடு அறிஞர் அறிவர். ஆதலின், செப்பனிடுவோர் பழையதைப் படிக்கவல்ல சிலரையும் வளர்த்தல் கடன்.

முனிவர் 1747இல் மறைந்தார். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை எழுந்தது. எனினும், ஏரி என எழுதும் குழந்தை ஏகாரத்தின் கீழே இழுக்கும் அச்சிறு கோடே அவரது மெய்யான நினைவுச்சின்னம். இன்று கணிப்பொறிக்கு நிரல் எழுதும் மாணவ மணிகள் தம் நிரலைத் திருத்துமுன், இதனைப் படிக்க வேறொருவர் எத்தனை வழியில் திகைப்பார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், அவர் வழியிற் சென்றவராவர்.