அடுக்களையை எழுதிய ஷார்தேன்

பிரெஞ்சு தேசத்துச் சித்திரக்காரருள் ழான் சிமெயோன் ஷார்தேன் என்பாரின் சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டுக் கூறப் புகுகின்றோம். மன்னர்தம் போர்களையும் தேவர்தம் லீலைகளையும் விடுத்து, அடுக்களையிற் கிடந்த மீனையும் முட்டையையும் ரொட்டியையும் எழுதிப் புகழ் பெற்றவர் இவர்.

இவர் 1699-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் அரசருக்குப் பில்லியர்டு மேஜைகள் செய்து கொடுத்த தச்சர். இலத்தீன் முதலிய உயர்கல்வி மகனுக்குக் கிட்டவில்லை. அஃது அக்காலத்தே ஓவியனுக்குச் சிறு குறையன்று. அரச சித்திரக் கழகத்தார் ஓவியங்களைத் தரம் பிரித்து, வேத சரித்திரத்தையும் பண்டை இதிகாசங்களையும் எழுதுவோரை உச்சியில் வைத்தனர்; பழமும் பாத்திரமும் எழுதுவோர்க்குக் கடைப்படியே கிடைத்தது. கழகத்திற் போதகராகும் உரிமையும் மேற்படியினர்க்கே உரியதாயிருந்தது.

இளமையில் ஒருகால் ஷார்தேன் செத்த முயல் ஒன்றை எழுத முற்பட்டார். பிறர் எழுதிய முயல்களையெல்லாம் மறந்து, கண்முன் உள்ளதனையே மெய்யாக எழுதுதல் வேண்டும் என்று துணிந்தார். ஒவ்வொரு மயிரையும் எண்ணி எழுதப் புகாமல், முயலைத் தொலைவில் வைத்து, அதன் நிறத்திரளையும் ஒளி நிழல்களையும் நோக்கினாராம். பின்னாளில் அவர் செய்தனவெல்லாம் இதன் விரிவே என்பது நம் கருத்து.

1728-ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் படங்கள் சிலவற்றைக் கழகத்திற்குக் கொணர்ந்து வைத்தார். முதிய ஓவியராகிய லார்ஷிலியேர் அவற்றைப் பிளெமிஷ் ஆசிரியர் எவரோ எழுதியவை என மயங்கினார் என்பர். அன்றே ஷார்தேன் கழகத்திற் சேர்க்கப்பட்டார். விலங்குகளும் பழங்களும் எழுதுபவர் என்பதே அவர்க்குக் கிடைத்த நிலை. அன்று ஏற்கப்பட்ட படங்களுள் ஒன்று, வயிறு பிளக்கப்பட்டுக் கொக்கியில் தொங்கும் திருக்கை மீன். பிற்காலத்து மாட்டீஸ் அதனைப் பார்த்து எழுதிப் பயின்றார்.

1731-இல் செப்புத் தகட்டின்மேல் இவர் எழுதிய சிறு படமொன்று, மாமிசம் விலக்கிய உபவாச நாளின் உணவைக் காட்டுகின்றது. ஹெர்ரிங் மீன்கள் தொங்குகின்றன. கீழே முட்டைகளும் பாத்திரங்களும் உள்ளன. இவ்விடத்து ஒன்று கூற விழைகின்றோம். முற்காலத்து இத்தாலியச் சித்திரக்காரர் முட்டையின் மஞ்சட்கருவில் வண்ணப்பொடியைக் குழைத்துப் பலகையின்மேல் எழுதினர். அது விரைவில் உலர்வதாகலின், மெல்லிய கோடுகளை அருகருகே இழைத்தே நிழலைக் காட்டல் வேண்டும். ஷார்தேன் கையாண்டதோ மெல்ல உலரும் எண்ணெய் வண்ணம். முட்டையால் எழுதியோர் தேவதூதரை எழுதினர். எண்ணெயால் எழுதிய இவர் முட்டையை எழுதினார்!

இடையிற் சில்லாண்டு மனித உருவங்களையும் எழுதினார். உணவுக்கு முன் தாயொருத்தி தன் சிறுவர்க்கு ஜெபம் கற்பிக்கும் படத்தை 1740-இல் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அளித்தார். 1752-இல் ஆண்டுக்கு 500 லீவர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1755 முதல் கழகத்தின் பொக்கிஷதாரராகிக் கணக்குகளைச் செம்மை செய்தார். லூவர் மாளிகைக் கண்காட்சியிற் பிறர் படங்களை மாட்டும் பணியையும் ஏற்றார்.

இத்தகையோர் தம் ஒரே குமாரன் ழான் பியேர் தம் வழியே வருதலை விரும்பவில்லை. தமக்கு எட்டாத மேற்படியில் மகனை ஏற்றிவிட எண்ணிச் சரித்திர ஓவியத்திற் பயிற்றினார். மகனும் 1754-இல் ரோமாபுரிப் பரிசை வென்று, 1757-இல் அந்நகர் சென்றான். எனினும் கருதிய பேறு வாய்க்கவில்லை. தந்தைக்கு முன்னரே வெனிஸ் நகரில் மடிந்தான். அவன் பெயரை நிலைநிறுத்தும் படம் ஒன்றேனும் இல்லை. தந்தையின் ஆவல் அவனுக்குச் சுமையாயிற்றோ என நாம் ஐயுறுகின்றோம்.

1765-இல் நடந்த கண்காட்சியை ஆராய வந்த திதரோ முதலியோரிடம், இளம் ஓவியர்பால் இரக்கங் காட்டுமாறு ஷார்தேன் வேண்டினார். ஏழெட்டு வயது முதல் ஆண்டுக்கணக்காக உழைத்தும் பயன் காணாது வேறு பிழைப்புத் தேடுவோரின் துயரத்தை எடுத்துரைத்தார். அதனைக் கேட்டோர், பேசியவர் தந்தையும் ஆவார் என்பதை நினைந்தனரோ, அறியோம்.

முதுமையில் எண்ணெய் வண்ணம் கண்ணுக்குத் தீங்கு செய்யவே, பாஸ்டல் வண்ணக் கட்டிகளைக் கைக்கொண்டார். மூக்குக் கண்ணாடியும் தலையிற் கட்டிய துணியுமாகத் தம்மையே எழுதிய படங்கள் அப்பொழுது தோன்றியவையே. 1779-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் காலமானார்.

1761-இல் அவர் எழுதிய படமொன்றில், கூடையிற் கோபுரமாகக் குவித்த காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்களும், அருகே ஒரு குவளைத் தண்ணீரும், இரண்டு வெள்ளைப் பூக்களும், இரு செர்ரியும், ஒரு பீச்சும் உள. 2022-இல் அது 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. நாட்டைவிட்டுச் செல்லாதவாறு பிரெஞ்சு அரசினர் தடுத்தனர். பெருநிறுவனமொன்றின் கொடையோடு, ஏறத்தாழ 10,000 பொதுமக்கள் அளித்த சிறு தொகைகளும் சேர, 2024-இல் அக்கூடை லூவர் காட்சிசாலையை அடைந்தது.