காலத்தை முந்திய ருக்கையா

தொலைக்காட்சியில் காலப்பயணப் படம் ஓடினால், தெமட்டகொடையிலுள்ள எங்கள் வீட்டில் நானாவும் நானும் அசையமாட்டோம். இயந்திரமின்றி, எழுத்தாலேயே எதிர்காலத்தை எட்டிப் பார்த்த முஸ்லிம் பெண்ணைப் பிறகுதான் அறிந்தேன்.

பேகம் ருக்கையா 1880இல் வங்காளத்தில் பிறந்தார். பாடசாலை மறுக்கப்பட்ட அவருக்கு அண்ணன் இரவில் இரகசியமாக ஆங்கிலம் கற்பித்தார். 1905இல் சென்னைப் பத்திரிகையொன்றில் அவரது 'சுல்தானாவின் கனவு' வெளியானது. அதில் பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். ஆகாய ஊர்தியில் பறக்கிறார்கள். அக்கதையின் தூண்டுதலில் 2023இல் ஸ்பானிய அனிமேஷன் திரைப்படமும் வந்தது.

1909இல் கணவரை இழந்தவர், அவ்வாண்டே ஐந்து மாணவிகளுடன் பாடசாலை ஆரம்பித்தார். பின்னர் கல்கத்தாவில் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்த்தார். 1932இல் காலமானார்.

எங்கள் உம்மும்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பௌதிகவியல் உனக்கெதற்கு என்று உறவினர் கேட்கும்போது, உம்மும்மாதான் எனக்காகப் பேசுகிறார்.